தெமட்டகொடை முற்றத்தில் ஒரு புல்வெட்டி

திங்கள்

லொறியிலிருந்து இறக்கும்போதே அடியில் ஒயில் சொட்டிக்கொண்டிருந்தது. தெமட்டகொடை ஒழுங்கையொன்றில் வீட்டு முற்றத்தையே கராஜாக வைத்திருக்கும் நானாவிடம் வழக்கமாக வருபவை முச்சக்கரவண்டிகளும் தண்ணீர்ப் பம்புகளும் ஜெனரேட்டர்களும்தான். இன்று வந்தது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி.

கொழும்பில் இதைக் காணக்கூடிய இடங்கள் குறைவு. பெரிய விளையாட்டு மைதானங்கள், சில பங்களாக்கள், பிறகு 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் பொரளைப் புற்றரை. களனிவெளி ரயில் பாதை ஊடறுத்துப் போகும் புற்றரை அது. முற்றத்துக்கு வந்திருப்பது ஒரு பள்ளிக்கூட மைதானத்து வண்டி. “ரிங் போய்விட்டது, புது எஞ்சின்தான் போட வேண்டும்” என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். புது எஞ்சினின் விலையைக் கேட்ட பிறகுதான் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் இங்கே வந்திருக்கிறார்.

நானா சாவியை எடுக்கவில்லை. முதலில் கேள்விகள். “புகை ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் வருதா, ஓடுற நேரமெல்லாம் வருதா? பிளேட் கழுவ வண்டியைச் சாய்ச்சீங்களா? எந்தப் பக்கம்?”

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இவ்வகைப் புல்வெட்டியில் கிராங்க் தண்டு செங்குத்தாக நிற்கும், சிலிண்டர் படுத்திருக்கும். சிலிண்டர் பக்கம் கீழே வரும்படி சாய்த்தால் கிராங்க்கேஸ் ஒயில் எரியும் அறைவரை போய்விடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது முற்றம் முழுக்கப் புகை. ஆனால் அது சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும், நோயல்ல. இந்த வண்டியின் புகையோ அடங்குவதே இல்லையாம். நிறம் நீலம் கலந்த வெள்ளை.

நிறத்தை வைத்துப் பேசுவது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகியது. தெமட்டகொடை ரயில் எஞ்சின் ஷெட் பக்கத்திலேயே இருக்கிறது. 1975இல் மொன்றியலிலிருந்து வந்த எம்4 எஞ்சின்கள் வேகம் எடுக்கும்போது கரும்புகை கக்கும். டர்போவின் காற்று வந்து சேருமுன் டீசல் கூடிவிடுவதால் வரும் புகை அது. கறுப்பு என்றால் எரிபொருள் மிகை, நீலம் என்றால் ஒயில் எரிகிறது. சிறிய எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான்.

செவ்வாய்

பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஒயில் கம்பியை உருவினார்கள். பல கராஜ்களில் இந்தப் படியைத் தாண்டிவிட்டுத்தான் எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ஒயில் மேல்கோட்டுக்கு மேலே நின்றது. கசியும் எஞ்சினில் ஒயில் குறையத்தானே வேண்டும்? கம்பியிலிருந்து தண்ணீர்போல் ஓடி விழுந்தது. நானா ஒரு சொட்டைப் பத்திரிகைத் தாளில் விட்டார். நடுவில் கரிய பொட்டு, அதைச் சுற்றி வெளிறிய அகன்ற வளையம். நானாவோடு வேலை செய்யும் தம்பி முகர்ந்து பார்த்து, “பெற்றோல் மணக்குது நானா” என்றான்.

பெற்றோல் போன வழி காபரேட்டர். அதன் கிண்ணத்தில் மிதவை உயரும்போது ஊசி வால்வ் மேலெழுந்து பெற்றோலை நிறுத்த வேண்டும். ஊசி நுனியில் தூசியோ பிசினோ ஒட்டினால் அது முழுதாக மூடாது. தொட்டி உயரத்தில் இருந்தால், எஞ்சின் நிற்கும் இரவு முழுக்க பெற்றோல் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி ஒயிலில் கலக்கும். அளவு கூடிய, நீர்த்துப்போன ஒயில் எரிந்து புகையாகும், சந்து கண்ட இடமெல்லாம் வெளியேறும். இந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. தேய்மானம் ஒருபுறம், கிராங்க்கேஸில் நிற்கும் பெற்றோல் ஆவி மறுபுறம்.

கிண்ணத்தைத் திறந்தால் அடியில் மஞ்சள் வண்டல், ஊசி நுனியில் ஒரு வெட்டு. 2022 பெற்றோல் வரிசைகளுக்குப் பிறகு கேனில் சேர்த்து வைக்கும் பழக்கம் பலரிடம் தங்கிவிட்டது என்பது நானாவின் கணிப்பு. மாதக்கணக்கில் நின்ற பெற்றோல் பிசினாகும் என்பதில் கணிப்புக்கு இடமில்லை. புது ஊசி போட்டு, குழாயில் ஒரு பெற்றோல் டெப்பும் பொருத்தினார்கள்.

பழைய ஒயில் மூடியுள்ள கேனுக்குப் போனது. இதில் நானா கண்டிப்பானவர். ஒழுங்கைக் கானில் ஊற்றினால் அது தெமட்டகொடைக் கால்வாய்க்குத்தான் போய்ச் சேரும்.

புதிதாக ஊற்றியது எஸ்ஏஈ 30. காருக்கு வாங்கிய 10டபிள்யூ-30 மிச்சமிருந்தும் அதைத் தொடவில்லை. காற்றால் குளிரும் இத்தகைய எஞ்சினில் 27 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அந்த ஒயில் கூடுதலாகச் செலவாகலாம் என்று தயாரிப்பாளர் கையேடே எச்சரிக்கிறது. கொழும்பில் எந்தப் பகல் 27 பாகைக்குக் கீழே நிற்கிறது?

ஓட்டிப் பார்த்தார்கள். புகை பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை.

புதன்

எயார் ஃபில்டர் ஒயிலில் ஊறிக் கிடந்தது. பிரீதர் குழாய் வழியாக வந்த ஒயில்.

பிஸ்டன் கீழிறங்கும்போதெல்லாம் கிராங்க்கேஸ் காற்றை அமுக்குகிறது. பிரீதரிலுள்ள மெல்லிய தகடு அந்தக் காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. அதனால் உள்ளே எப்போதும் லேசான வெற்றிடம் இருக்கும், சீல்கள் காய்ந்திருக்கும். அந்த வெற்றிடம் போய் அழுத்தம் ஏறினால் ஒயில் எந்தச் சீல் பலவீனமோ அதைப் பார்த்துப் பிதுங்கும். பெரிய டீசல் எஞ்சின்களில் இந்த அழுத்தம் கூடினால் எஞ்சினையே நிறுத்திவிடும் கருவிகள் உண்டு. அவ்வளவு முக்கியமான அளவு இது. அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாராமல் சீலை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவதுதான். புதுச் சீலும் கசியும்.

பிரீதரைக் கழற்றிப் பார்த்தார்கள். தகடு வளையவில்லை, அடைப்பும் இல்லை. அப்படியானால் அது தாங்க முடியாத அளவு காற்று எங்கிருந்தோ வருகிறது.

வியாழன்

கொம்ப்ரஷன் மானி பெட்டியிலேயே இருந்தது. இந்த எஞ்சினின் கேம் தண்டில், ஸ்டார்ட் எளிதாவதற்காக வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு இருப்பதால் மானி காட்டும் எண்ணை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது. காற்றை உள்ளே செலுத்திக் கேட்பதுதான் சரியான வழி.

பிஸ்டனைக் கொம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, ஃப்ளைவீல் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாக டயருக்குக் காற்றடிக்கும் கொம்ப்ரெஸரின் காற்றை மெல்லத் திறந்தார் நானா. தம்பி சைலன்சரில் காது வைத்தான், சத்தம் இல்லை. எக்ஸோஸ்ட் வால்வ் நல்லது. காபரேட்டர் வாயிலும் இல்லை. இன்லெட் வால்வும் நல்லது. ஒயில் கம்பித் துளையருகே குனிந்தவனின் முன்முடி பறந்தது.

அந்தத் துளையால் காற்று வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. ரிங்குகள், அல்லது ஹெட் கெஸ்கட். தனிச் சிலிண்டர் புல்வெட்டி எஞ்சின்களில் இரண்டாவதை மறந்துவிடுவதால் குப்பைக்குப் போன எஞ்சின்கள் நிறைய இருக்கும். சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வால்வுகளைத் தள்ளும் தண்டுகள் ஏறிவரும் குழி இருக்கிறது, அது நேரே கிராங்க்கேஸுக்குத் திறந்தது. சிலிண்டருக்கும் குழிக்கும் நடுவே கெஸ்கட்டின் அகலம் மிகக் குறைவு. அந்த இடம் எரிந்தால் வெடிக்கும் வாயு வெளியில் ஒரு தடயமும் காட்டாமல் கிராங்க்கேஸுக்குள் பாயும்.

ஹெட்டைத் தூக்கினார்கள். கெஸ்கட் முழுவதும் சாம்பல் நிறம். அந்த ஒடுங்கிய இடத்தில் மட்டும் தீக்குச்சி அகலத்துக்குக் கரிந்து, ஓரங்கள் உதிர்ந்து, ஒரு வாய்க்கால் விழுந்திருந்தது. நானா விரல் நகத்தை அதில் வைத்துக் காட்டினார். சிலிண்டர் சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கீறல்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. ரிங் பழுதானதற்கான அடையாளமே இல்லை.

ஹெட்டின் முகத்தில் எஃகு அளவுகோலை வைத்து, அடியில் மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தார்கள். வளைவு பொருட்படுத்தும் அளவில் இல்லை. கண்ணாடிப் பலகைமேல் மென்மையான உப்புத்தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமன் செய்தான் தம்பி.

வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை. கெஸ்கட் தாளில் பழையதை வைத்து வெட்டித் தரவும் ஆள் இருக்கிறது. காபரேட்டருக்கு அது போதும், ஹெட்டுக்குப் போதாது. தகடும் வெப்பம் தாங்கும் பொருளும் சேர்ந்த அசல் கெஸ்கட்தான் வேண்டும். கடை கடையாகக் கேட்டு, கடைசியில் புல்வெட்டி உதிரிப்பாகம் விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. புது எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் இந்த நகரத்தை ஓட்டியவை பஞ்சிகாவத்தைக் கடைகளும் நானா போன்றவர்களின் முற்றங்களும். இன்னும் பெரிய சாட்சி ரயில்வேயிடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பெரலியவில் கடல் தூக்கியெறிந்த ரயிலை இழுத்துவந்த ‘மனிடோபா’ எஞ்சினைத் திருத்தி மீண்டும் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். திருத்தும் கை இந்த நாட்டின் சொத்து. அதற்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

ஞாயிறு

ஹெட் போல்டுகளைக் கையேட்டு வரிசைப்படி, டோர்க் ஸ்பேனரில், ஒரே மூச்சில் இறுக்காமல் படிப்படியாக இறுக்கினார்கள். பிறகு வால்வ் இடைவெளி. பிஸ்டன் உச்சத்தைத் தாண்டி கால் அங்குலம் இறங்கிய இடத்தில் வைத்து, இன்லெட் 0.10, எக்ஸோஸ்ட் 0.15 மில்லிமீற்றர். இடைவெளி கூடியிருந்தால் ஸ்டார்ட்டுக்கு உதவும் அந்த அமைப்பு வேலை செய்யாது, ஸ்டார்ட்டர் பாதியில் திணறும். இந்த வண்டியும் ஸ்டார்ட் செய்யும்போது திணறிக்கொண்டிருந்தது, அதற்கும் அதுவே காரணம்.

பெற்றோல் கலந்த ஒயிலோடு ஒருதடவை ஓடிய எஞ்சின் என்பதால் ஒயிலை இன்னொரு முறை மாற்றினார்கள். ஸ்டார்ட். சைலன்சரில் படிந்திருந்த பழைய ஒயில் எரியும்வரை புகை வந்தது, பிறகு ஒன்றுமில்லை. அரைமணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, அடிச்சீலைத் துணியால் துடைத்தார் நானா. சீலை மாற்றவே இல்லை, துணி காய்ந்திருந்தது.

மாலையில் வந்த மைதானக்காரரிடம் அவர் சொன்னவை: “வேலை முடிஞ்சதும் டெப்பைப் பூட்டுங்க. சாய்க்கிறதெண்டா சிலிண்டர் மேலே இருக்கணும். ஒவ்வொரு தடவையும் ஓட்ட முதல் ஒயில் கம்பியைப் பாருங்க. கூடினாலும் எனக்குச் சொல்லணும், குறைஞ்சாலும் சொல்லணும்.”

வெட்டுத்தட்டின் பெல்ட் ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது. அதன் இலக்கத்தைத் தம்பி குறித்து வைத்திருக்கிறான், திங்கட்கிழமை பஞ்சிகாவத்தையில் கேட்க வேண்டும்.