சிவப்புப் பாசி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் சிவப்புப் பாசி என்று திட்டுவது உண்மையில் பாசியே இல்லை. அது சயனோபாக்டீரியா. மணல்மேல் கருஞ்சிவப்புத் துணி விரித்ததுபோல் படரும். வெளிச்சம் ஏற ஏற அதன்மேல் குட்டிக் குட்டிக் குமிழிகள் நிற்கும். அத்தனையும் ஆக்சிஜன். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இந்தக் கூட்டத்தால்தான். நாம் மூச்சுவிட வழிசெய்த உயிரைத்தான் குழாயால் உறிஞ்சி வாளியில் கொட்டுகிறோம். மூன்றே நாளில் திரும்பி வந்துவிடும்.

ஜோகூர் பாருவில் மாமா வீட்டு மூன்றடித் தொட்டியில் போன வருஷம் இது வந்தது. அத்தை போன் செய்தார். "எஞ்சினியருக்குப் படிச்சிருக்கியே, வந்து என்னன்னு பாருடா. வீடே நாறுது."

கடையில் எரித்ரோமைசின் பொடி கொடுத்திருந்தார்கள். அது வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் செத்த படலம் தொட்டிக்குள்ளேயே அழுகும். அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறையும். அது தின்று வைத்திருந்த நைட்ரஜனும் பாஸ்பரசும் மறுபடி நீருக்கே வந்து சேரும். போதாததற்கு, தண்ணீர் மாற்றும்போது ஆன்டிபயாட்டிக் சாக்கடைக்குப் போகும். பொடியைப் பிரிக்கவே வேண்டாம் என்றேன்.

அளந்து பார்த்தேன். நைட்ரேட் 40 பிபிஎம், பாஸ்பேட் 0.5. பவளம் இருக்கும் தொட்டிக்கு இது ரொம்ப அதிகம். காரணத்தைத் தேடவும் வேண்டியதில்லை, அது தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து மாமாவுக்கு வலது கை எழும்புவதில்லை, பேச்சும் பாதிதான். இடது கையால் மீனுக்குத் தீனி போடுவது ஒன்றைத்தான் யார் உதவியும் இல்லாமல் செய்கிறார். ஒரு நாளைக்கு ஐந்து முறை.

தீனியைக் குறை என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் வைத்தியம். அத்தை அதையும் செய்து பார்த்திருந்தார். டப்பாவை ஒளித்து வைத்த இரண்டு நாளும் மாமா ஹாலுக்கே வரவில்லை.

"மீனு... பசி" என்றார் என்னிடம்.

"போடுங்க மாமா. நான் வேற வழி பாக்குறேன்."

பொருள் சமநிலைக் கணக்கு எளிமையானது. உள்ளே வருவதில் வெளியே போவதைக் கழித்தால் மிச்சம் தொட்டியில் தேங்கும். எல்லாரும் உள்ளே வருவதையே முறைத்துக்கொண்டிருந்தோம். தொட்டிக்குக் கீழே சம்ப்பில் ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் கெட்டோமார்ஃபா போட்டேன். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் மாதிரி இருக்கும், அசல் பாசி. சயனோ எதைத் தின்கிறதோ அதையே இதுவும் தின்னும். ஆனால் இதைக் கையால் அள்ளி வெளியே எடுத்துவிடலாம். மேலே விளக்கு அணைந்ததும் கீழே விளக்கு எரியும். இரவில் தொட்டியின் பிஎச் அதிகம் சரியாமல் இருக்கவும் இது உதவும். கழிவு தேங்கிய மூலைகளுக்கு அலை பம்ப்பைத் திருப்பி வைத்தேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருந்தேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போகக்கூடாது. பூஜ்யம்தான் சுத்தம் என்று நம்பி நீரைத் துடைத்தெடுப்பவர்களின் தொட்டியில்தான் பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் வரும். பழுப்பு நிறச் சளி, நூல் நூலாகத் தொங்கும். சில வகை நஞ்சு, அதை மேயும் நத்தைகள் செத்துப்போகும். அதோடு ஒப்பிட்டால் சயனோ சாது.

இரண்டு மாதத்தில் நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.1. மாமா இன்னமும் ஐந்து முறை போடுகிறார். பெருகும் கெட்டோவை அத்தை வாரம் ஒரு கைப்பிடி பிய்த்து, உப்புப் போக அலசி முருங்கை அடியில் போடுகிறார். தீனி அதிகம் விழும் வலது மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு மிச்சமிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் அதைக் குழாயால் உறிஞ்சிவிட்டு வருகிறேன்.