காற்று வரட்டும், போகலாம்

பட்டம் விடுவது பையன்கள் சமாச்சாரம் என்று இருந்த எனக்கு, போன வருஷம் என் மூத்த பெண் ஒரு புது வார்த்தை கற்றுக்கொடுத்தாள்: ‘கைட் போர்டிங்’. காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு பட்டை, இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளின் நுனியில் காற்றடைத்த பெரிய பட்டம். அது இழுக்க இழுக்கக் கடல்மேல் சறுக்கிக்கொண்டு போக வேண்டுமாம். காலேஜ் லீவில் ராமேஸ்வரம் போய்க் கற்றுக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

“ஏண்டி, மாமல்லபுரம் பக்கத்திலேயே இருக்கே. அங்கேயும் கடல்தானே?” என்றேன்.

“கடல் இருக்கும்மா, காத்தை நம்ப முடியாது” என்றாள்.

அது எனக்குத் தெரியாததா! படாளத்தில் வடாம் காய வைக்கிறவளுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டாம். ஆனி, ஆடியில் காலையிலிருந்து மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும். மூன்று மணி, நாலு மணிக்குத் திடீரென்று அடங்கும். கொடியில் துணி அசையாது. பிறகுதான் கிழக்கேயிருந்து கடல்காற்று சில்லென்று வந்து சேரும். சில நாள் வராமலே போய்விடும். மேல்காற்று பலமாக இருந்தால் கடல்காற்றை உள்ளே விடாமல் தடுத்து நிறுத்திவிடுகிறது.

இதிலே ஆபத்து என்னவென்று அவள் சொல்லித்தான் புரிந்தது. அந்த மாதங்களில் நம் கரையில் காலைக் காற்று தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. பட்டம் ஆளை நடுக்கடலுக்கு இழுத்துப் போகும். நடுவில் காற்று செத்துவிட்டால் பட்டம் தண்ணீரில் விழும். மறுபடி எழுப்பக் காற்று இருக்காது. சரி, காற்று குறைவுதானே, பெரிய பட்டமாக எடுத்துப் போகலாம் என்றால் அதுவும் வம்பு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்காகும். மந்தமாக இருக்கிறதென்று பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது குபீரென்று ஒரு வீச்சு வந்தால், ஆளைத் தூக்கி அடித்துவிடும். பலமான காற்றைவிட நிலையில்லாத காற்றுதான் பொல்லாதது. களத்தில் நெல் தூற்றுகிறவர்களைக் கேளுங்கள், விட்டு விட்டு வீசும் காற்றில் யாரும் முறத்தைத் தூக்க மாட்டார்கள்.

ராமேஸ்வரத்தில் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். தென்மேற்குப் பருவத்தில் காற்று ஒரே சீராக வீசுகிறது. இடுப்பளவு தண்ணீரே வெகுதூரம் இருக்கிற இடங்கள் உண்டு. விழுந்தாலும் எழுந்து நிற்கலாம்.

பெரிய பெரிய வீரர்களுக்கே காற்று கை கொடுப்பதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் முதல்முதலாக இந்தப் பட்டப் பந்தயத்தைச் சேர்த்தார்கள். மார்செய் கடலில் நடந்தது. பலகையின் அடியில் இறக்கை மாதிரி ஒன்று இருக்கும்; அது பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவதால் கொஞ்சக் காற்றிலேயே ஓடும். அப்படியும் காற்றில்லாமல் பந்தயங்கள் தள்ளிப்போயின. உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் கரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பெண்களில் இங்கிலாந்தின் எல்லி ஆல்ட்ரிட்ஜ் தங்கம் வாங்கினார்.

எங்க வீட்டுக்காரர், “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?” என்று ஆரம்பித்தார். நான் அந்த வழியே போகவில்லை. சொல்லித்தருகிறவரிடம் போனில் மூன்று கேள்வி கேட்டேன். காற்று தரையிலிருந்து வீசினால் இறக்குவீர்களா? பட்டம் விழுந்தால் கூட்டி வரப் படகு உண்டா? ஆபத்தென்றால் பட்டத்தை உடனே கழற்றிவிடுகிற விசையைக் கரையிலேயே பழக்குவீர்களா? அதோடு, காற்றில்லாத நாளுக்கும் பணம் உண்டா என்று ஒரு உபரிக் கேள்வி. (குடும்பம் நடத்துகிறவள் அல்லவா!) முதலாவதற்கு அவர் யோசிக்காமல் “மாட்டோம்மா. அன்னிக்கு லீவு” என்றார். அப்போதுதான் எனக்கு மனசு இறங்கியது. “எந்தக் காத்தா இருந்தாலும் பார்த்துக்கலாம்” என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன்.

நீச்சல் தெரியும் என்பதை நானே கூட நின்று பார்த்தேன். ஹெல்மெட், மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். கழுத்துக்கும் கைக்கும் வெயில் படாத முழுக்கைச் சட்டை இரண்டு தைத்துக் கொடுத்தேன். ஆனியில் ரயிலேறினாள்.

இரண்டாம் நாள் சாயந்திரம் போன் செய்தாள். “இன்னிக்குக் காத்து சரியில்லம்மா. கரையிலேயே உட்கார்ந்து கயிறு சிக்கெடுத்தோம். ஒரே போர்.”

“நல்லது, சாப்பிட்டியா?” என்றேன்.