துணைவர் தலைவராகும்போது

உதைபந்தாட்டத்திலே ஈடுபாடுடைய வாசகர் பலர் பிரையன் கிட் என்னும் பெயரை அறிந்திருப்பர். அறியாதார்க்குச் சிறிது கூறுதல் வேண்டும். அவர் மன்செஸ்ரர் நகரிலே பிறந்தவர். 1968 ஆம் ஆண்டு மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற இறுதியாட்டத்திலே, தமது பத்தொன்பதாவது பிறந்தநாளன்றே ஒரு கோல் போட்டவர். பின்னர் 1991 முதல் அதே கழகத்திலே அலெக்ஸ் பெர்குசனுக்கு உதவிப் பயிற்றுநராக அமர்ந்தார். அவர் பக்கத்திலிருந்த ஆண்டுகளிலே அக்கழகம் 1993, 1994, 1996, 1997 என நான்கு முறை பிரிமியர் லீக் பட்டத்தைப் பெற்றது. ஆட்டக்காரர் அவரிடத்து அன்பு பூண்டிருந்தனர். அவருடைய பயிற்சி முறையைப் புகழாதார் இலர்.

1998 டிசெம்பரிலே அவரைப் பிளாக்பேண் கழகம் தலைமைப் பயிற்றுநராக அழைத்துக்கொண்டது. 1995 இலே பிரிமியர் லீக் பட்டம் வென்ற கழகம் அது. ஐந்து மாதம் சென்றது. 1999 மே 12 ஆந் திகதி இரு பகுதியினரும் கோல் எதுவும் போடாது முடிந்த ஓர் ஆட்டத்தோடு, பிளாக்பேண் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டது. அன்று எதிரே ஆடிய கழகம் எதுவென்றாற் கிட் விட்டு வந்த மன்செஸ்ரர் யுனைற்றெட் கழகமே! அக்கழகம் அம்மாத முடிவுக்குள் மூன்று பெரும் பட்டங்களையும் ஒருங்கே வென்றது. கிட் நவம்பரிலே பதவி நீக்கப்பட்டார்.

இது தனி ஒருவருக்கு நேர்ந்த இடர் அன்று. கிட் விட்டுச் சென்ற ஆசனத்திலே அமர்ந்த ஸ்ரீவ் மக்கிளாரன் பின்னாளிலே இங்கிலாந்துத் தேசியக் குழுவின் தலைமையை ஏற்று, 2007 நவம்பரிலே குறொஏசியாவிடம் 2-3 எனத் தோற்று, மறுநாளே பதவி இழந்தார். போர்த்துக்கேயரான கார்லோஸ் கெய்ரோஸ் 2003 இலே பெர்குசனை விட்டு றியல் மட்றிட் கழகத்தின் தலைமைக்குச் சென்றார். ஓராண்டிலே அங்கிருந்து நீங்கிப் பழைய துணைப்பதவிக்கே திரும்பினார்.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? "அறிவு போதாது, அவ்வளவுதான்" என்பர் சிலர். இதனை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மக்கிளாரனே 2010 இலே நெதர்லாந்தின் ருவென்ரே கழகத்துக்கு முதன்முறையாக அந்நாட்டுப் பட்டத்தைத் தேடிக் கொடுத்தவர். "நல்ல கழகங்கள் துணைவரை அழைப்பதில்லை, மூழ்கும் ஓடங்களே அழைக்கின்றன" என்பர் வேறு சிலர். இதிலே உண்மையுண்டு, கிட் சென்றபோதே பிளாக்பேண் பட்டியலின் அடியிலே கிடந்தது. ஆயினும் இதுவும் முழு விடையாகாது.

துணைவரின் தொழிலும் தலைவரின் தொழிலும் ஒரே தொழிலின் இரு படிகள் என்று நாம் எண்ணுகின்றோம். பிழை அங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. காலையிலே ஆட்டக்காரரை ஓடவிட்டுப் பந்தைக் கொடுத்துப் பழக்குகின்றவர் துணைவர். ஒருவனுடைய முழங்கால் நோவையும் மற்றொருவனுடைய வீட்டுத் தொல்லையையும் முதலிலே அறிகின்றவரும் அவரே. தலைவரோ வாரந்தோறும் பதினொரு பெயர்களை எழுதவேண்டும். ஏறக்குறைய இருபத்தைந்து பேர் கொண்ட குழுவிலே பதினொருவரைத் தெரிதல் என்பது, பதினால்வரை ஒதுக்குதலும் ஆகும். ஒதுக்கப்பட்டவன் தலைவரின் கதவைத் தட்டமாட்டான், துணைவரிடமே போவான். துணைவருடைய செல்வாக்கெல்லாம் அந்தப் பட்டியலிலே அவர் கை படாமையிலிருந்தே பிறக்கின்றது.

1993 ஏப்பிரிலிலே ஷெவ்பீல்ட் வெட்னெஸ்டே கழகத்துடன் நடந்த ஓர் ஆட்டத்தின் ஒளிப்படச் சுருளை இன்றும் பார்க்கலாம். தோல்வியின் விளிம்பிலே நின்ற மன்செஸ்ரருக்கு ஸ்ரீவ் புறூஸ் இறுதி நேரத்திலே இரண்டு கோல்களைப் போட்டார். அடுத்த கணமே கிட் ஆடுகளத்தினுள் ஓடி மண்டியிட்டு வானை நோக்கிக் கைகளை விரிக்கின்றார். பெர்குசனும் துள்ளினார்தான். ஆயினும் மண்டியிட்டவர் கிட். ஆட்டக்காரருள் ஒருவராகவே அவர் அன்று நின்றார். அத்தகையவர் தலைவரானதும் என்ன நேர்கின்றது? செவ்வாய்க்கிழமை தம்மிடம் நெஞ்சு திறந்து பேசியவனுடைய பெயரைச் சனிக்கிழமைப் பட்டியலிலே விட்டுவிட வேண்டியிருக்கின்றது. அதன் பின் அவன் பேசுவானா? இவருக்கோ, தம்மைப்போன்ற ஒரு கிட் பக்கத்திலே இல்லை.

இவற்றையெல்லாம் நான் இவ்வளவு ஆராய்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்லூரியிலே பன்னிரண்டு ஆண்டுகளாக உதைபந்தாட்டக் குழுவின் துணைப் பொறுப்பாசிரியனாக இருந்து வருகின்றேன். ஆட்டத்துக்கு முதல்நாட் பிற்பகல் பொறுப்பாசிரியர் பட்டியலை அறிவித்தற் பலகையிலே ஒட்டுவார். பெயரில்லாத பையன் அவரிடம் ஒரு சொல்லும் கேளான். பாடசாலை விட்ட பின்னர் சைக்கிளைப் பிடித்தபடி நான் வரும்வரை வாசலிலே நிற்பான். "சேர், என்னிலை என்ன பிழை?" என்பான். பதில் கூறுவது எனக்கு எளிது. நான் அவனை நீக்கவில்லையே! இப்போது பொறுப்பாசிரியர் இளைப்பாறுகின்றார். அவ்விடத்தை ஏற்கும்படி அதிபர் என்னைக் கேட்டிருக்கின்றார்.

உதவியாளர் ஒருவரின் பெறுமதியை உலகுக்குக் காட்டிய இணை பிரையன் கிளவ், பீற்றர் ரெயிலர் என்னும் இருவர். மிடில்ஸ்புறோ கழகத்திலே கிளவ் முன்னணி ஆட்டக்காரர், ரெயிலர் கோல் காப்பாளர். அங்கே முளைத்த நட்பு. ஆட்டக்காரனின் தரத்தை ஒரு பார்வையிலே அளப்பது ரெயிலரின் ஆற்றல். அவனை ஆடவைப்பது கிளவின் ஆற்றல். தாம் கடையின் முன்கண்ணாடி என்றும் உள்ளிருக்கும் சரக்கு ரெயிலர் என்றும் கிளவே கூறியதுண்டு. இருவரும் சேர்ந்து 1972 இலே டாபி கவுன்ரிக்கு இங்கிலாந்துப் பட்டத்தை வென்று கொடுத்தனர். 1974 இலே பிரிந்தனர். லீட்ஸ் கழகத்துக்குத் தனியே சென்ற கிளவ் நாற்பத்துநான்கு நாட்களிலே வெளியேற்றப்பட்டார். பிறைற்றன் கழகத்தின் தலைமையை ஏற்ற ரெயிலர் இரண்டு ஆண்டு முயன்றும் மூன்றாம் பிரிவிலிருந்து அதனை உயர்த்தமுடியவில்லை. 1976 இலே நொற்றிங்காம் போறெஸ்ற் கழகத்திலே மீண்டும் கூடினர். 1978 இலே நாட்டின் பட்டம், 1979 இலும் 1980 இலும் ஐரோப்பியக் கிண்ணம்!

கதை அவ்வளவில் முடிந்திருக்கலாகாதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 1982 இலே இளைப்பாறிய ரெயிலர் சில மாதங்களிலே டாபி கவுன்ரியின் தலைமையை ஏற்றார். அடுத்த ஆண்டு கிளவிடமிருந்த ஜோன் றொபேட்சன் என்னும் ஆட்டக்காரரை ரெயிலர் தம் கழகத்துக்கு எடுத்துக்கொண்டதிலே பகை மூண்டது. டாபி கீழ்நோக்கிச் சரிய, 1984 இலே ரெயிலர் விலகினார். 1990 இலே அவர் இறக்கும்வரை இருவரும் பேசவேயில்லை. கிளவ் தமது வாழ்க்கை வரலாற்றை 1994 இலே வெளியிட்டபோது அதனை ரெயிலருக்கே உரிமையாக்கினார். உரியவர் படிப்பதற்கு இருக்கவில்லை.

எனினும், துணைவர் எவருமே தலைவராக இயலாதென்று வாதிப்பது என் நோக்கமன்று. லிவர்பூல் கழகத்தின் பொப் பெய்ஸ்லியை மறத்தலாகாது. 1974 இலே பில் ஷாங்க்லி திடீரென விலகியபோது, பதினைந்து ஆண்டு அவருடைய நிழலிலிருந்த பெய்ஸ்லி விருப்பமில்லாமலே தலைமையை ஏற்றார். பேச்சுவன்மை அவருக்குக் கிடையாது. ஷாங்க்லியோ சிலகாலம் பயிற்சித் திடலுக்கு வந்துகொண்டேயிருந்தார். ஆட்டக்காரரும் அவரையே தலைவர் என அழைத்தனர். இதனினும் பெரிய சங்கடம் ஒரு புதிய தலைவருக்கு உண்டோ? முதலாண்டிலே நாட்டின் பட்டமும் கிட்டவில்லை. ஆயினும் ஒன்பது ஆண்டுகளிலே ஆறு முறை நாட்டின் பட்டத்தையும் மூன்று முறை ஐரோப்பியக் கிண்ணத்தையும் வென்றார்.

இதற்குப் பலர் பல காரணம் கூறுவர். எனக்குத் தோன்றுவன இரண்டே. ஜோ பேகன், றொனி மொரன் போன்ற பழைய தோழரைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஆகவே ஒதுக்கப்பட்டவன் தட்டுவதற்கு ஒரு கதவு மூடாமல் இருந்தது. மற்றையது 1950 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு எவ். ஏ. கிண்ண அரையிறுதியிலே எவெட்டன் கழகத்துக்கு எதிராகக் கோல் போட்டவர் பெய்ஸ்லி. இறுதியாட்டத்துக்கான பட்டியலிலே அவர் பெயர் இல்லை. லிவர்பூல் தோற்றதைப் பார்த்திருந்தார். பெயர் விடுபட்டவனுக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதை அவர் எவரிடமும் கற்கவேண்டியிருக்கவில்லை.

அதிபருக்கு அடுத்த தவணை தொடங்குமுன்னர் விடை கூறவேண்டும். ஏற்பதாகவே எண்ணியுள்ளேன். பள்ளிக் குழுவிலே தோல்வியால் எவருடைய உத்தியோகமும் போவதில்லை என்று வீட்டிலே ஆறுதல் கூறுகின்றனர். வாசலிலே சைக்கிளுடன் நிற்கும் பையனை அவர்கள் கண்டதில்லை. அதிபரிடம் ஒன்று மாத்திரம் கேட்கவிருக்கின்றேன். எனக்குத் துணைப் பொறுப்பாசிரியராக யாரைத் தரப்போகின்றார் என்பதே அது. கணிதம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் புதிதாக வந்திருக்கின்றார். நன்றாக ஆடுவார் என்று கேள்வி. பையன்கள் இப்போதே இடைவேளையிலே அவரைச் சூழ்ந்து நிற்கின்றனர்.