காருக்கு ஒரு சட்டை

கார் வந்து பதினோரு நாள்தான் ஆச்சு. அதுக்கு ஒரு சட்டை போடுறதா வேண்டாமான்னு வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. போடணும் என்பது மாப்பிள்ளை கட்சி. வேண்டாம் என்பது என் வீட்டுக்காரி கட்சி. நான் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

சட்டை என்று நான் சொல்வது பிபிஎஃப். பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து படிக்கிற உங்களுக்குத் தெரிந்த சங்கதியாக இருக்கும். எனக்கு அது வில்லாபுரத்தில்தான் அறிமுகம். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அங்கேதான்.

கார் வாங்கியதே ஆசைக்கு இல்லை. போன மார்கழியில் விடிகாலை இருட்டில் மல்லிகை மூட்டையோடு மாட்டுத்தாவணிக்குப் போகும்போது, ரிங் ரோட்டில் விரகனூர் பக்கம் பைக் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு விலகிவிட்டது. மார்கழியில் பூ வரத்து குறைவு, விலை உச்சத்தில் நிற்கும். அதனால கையைப் பார்க்காமல் ரோட்டில் கொட்டின மொட்டைத்தான் முதலில் பொறுக்கினேன். இதைப் பெருமையாக மகளிடம் சொல்லப்போய், "இனிமே பைக்ல பூ கொண்டு போனீங்கன்னா நான் அந்த வீட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று அழுதுவிட்டாள். முன்பணத்துக்கு வீட்டுக்காரியின் சங்கிலி சங்கத்துக்கு அடகு போச்சு. மிச்சம் பேங்க் கடன். வெள்ளைக் கார், சின்னது, பின்னால் நாலு மூட்டை பூ தாராளமாகப் பிடிக்கும்.

முதல் வேலையாகப் பாண்டி கோயிலில் பூசை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பானெட்டில் சந்தனம் குங்குமம் அப்பி, மாலை போட்டு, நேரே வில்லாபுரம் மகள் வீட்டுக்குப் போனோம். சாப்பிட்டு எழுந்ததும் மாப்பிள்ளை, "மாமா, பக்கத்துல ஒரு இடம் இருக்கு, சும்மா பாத்துட்டு வருவோம்" என்றார். சும்மா பார்க்கப் போகிற இடத்தில் பாதி வேலை முடிந்திருக்கும் என்பது பெண்ணைக் கட்டிக்கொடுத்தவனுக்குத் தெரியாததா.

ஹவுசிங் போர்டு தாண்டி ஒரு சந்துக்குள் கடை. தூசி வரக்கூடாதென்று ஏசி போட்டு, வாசலில் பிளாஸ்டிக் திரை தொங்கவிட்டிருந்தார்கள். என்னைச் செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். உள்ளே ஒரு கறுப்புக் காரைச் சுற்றி மூன்று பையன்கள். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே அடித்து, கண்ணாடி மாதிரி ஒரு தாளை மேலே விரித்து, ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கிற பதவிசு. ஒரு நீர்க்குமிழி உள்ளே நின்றாலும் திரும்பத் தூக்கி ஒட்டுகிறார்கள். ஒரு காருக்கு மூன்று நாலு நாள் ஆகுமாம்.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயசுகூட இருக்காது. மாப்பிள்ளையை 'ப்ரோ' என்கிறார், என்னை 'ஐயா' என்கிறார். பழைய பானெட் ஒன்றில் ஃபிலிம் ஒட்டி வைத்திருந்தார். கம்பி பிரஷ்ஷை எடுத்து அதில் பரபரவென்று தேய்த்தார். எனக்கு மேல் கூசியது. சட்டி விளக்கின மாதிரி கோடு கோடாக விழுந்தது. கெட்டிலில் இருந்த வெந்நீரை அதன்மேல் ஊற்றினார். கோடு ஒவ்வொன்றாக மறைந்து, பத்து எண்ணுவதற்குள் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது.

"வெந்நீர்கூட வேணாம் ஐயா. நம்ம ஊரு வெயில்ல நிறுத்துனாலே போதும், தானா ஆறிரும்" என்றார். மதுரை வெயிலால் ஒரு நன்மை உண்டு என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். காரின் பெயிண்ட் என்று நாம் தடவிப் பார்ப்பது பல அடுக்கு. துருப்பிடிக்காமலிருக்க ஒன்று, ப்ரைமர் ஒன்று, கலர் ஒன்று, எல்லாத்துக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். அத்தனையும் சேர்த்தே 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது இரண்டு தலைமுடி கனம். இந்த ஃபிலிமோ 150 முதல் 200 மைக்ரான் வரை வருகிறது. சட்டை தோலைவிடக் கெட்டி. தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்கிற சரக்கு. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகள் மண்ணும் கல்லும் பட்டுத் தேயாமலிருக்க அமெரிக்கப் பட்டாளத்துக்காக இறங்கியது, அப்புறம் ரேஸ் காருக்கு வந்து, இப்போது வில்லாபுரம் சந்துக்கு வந்திருக்கிறது. இதே பேரில் பிவிசி தாளை ஒட்டி ஏமாற்றுகிற இடமும் உண்டு, அது வெயிலில் மஞ்சள் அடித்துப்போகும், பார்த்து வாங்கணும் என்றும் அவரே சொன்னார். செராமிக் கோட்டிங் என்பது வேறு. அது திரவம், பூசினால் தண்ணீர் ஒட்டாது, பளபளக்கும், கல்லடியைத் தாங்காது.

வண்டி முழுக்கப் போட 85,000. முன்பக்கம் மட்டும் என்றால் 30,000. செராமிக் 16,000.

நான் விவசாயி கணக்கில் கேட்டேன். "தம்பி, ஆடு பானெட் மேல ஏறும். தாங்குமா?" வேப்பங்குழையை எட்டுவதற்கு எங்கள் ஊர் ஆடு கோயில் கோபுரத்திலேயே ஏறும்.

"குளம்புக் கீறலைத் தாங்கும் ஐயா. ஒடுக்கு விழுந்தா விழுந்ததுதான்."

"மாட்டுக் கொம்பு?"

சிரித்துவிட்டார். தை முதல் நாள் ஜல்லிக்கட்டு நடக்கிற அவனியாபுரம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது கேட்க வேண்டிய கேள்விதான். "கொம்புக்கு எதுவுமே தாங்காது."

"கருவேல முள்ளு?"

இதற்குக் கொஞ்சம் யோசித்தார். "லேசா உரசுனா ஃபிலிம் வாங்கிக்கிரும். முள்ளு அழுத்திக் குத்தி இழுத்துச்சுன்னா கிழிஞ்சிரும். அந்த ஒரு கதவை மட்டும் மாத்தணும், எட்டாயிரம் பக்கம் வரும்." மறைக்காமல் சொன்னதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது. பானெட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்து, "ஃபிலிம் போட்டப்புறம் இதை அப்படியே விட்டுறாதீங்க, கறை நிக்கும்" என்றார். சாயங்காலம் இதைச் சொன்னதும் எங்கம்மா, "சாமி குங்குமம் ஆகாத வண்டி என்ன வண்டி?" என்று கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வெளியே வந்தபோது ஒரு பையன் ஃபிலிம் ஒட்டப்போகிற அடுத்த காரைக் கழுவிக்கொண்டிருந்தான். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும் என்று கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். அது வழிந்து சாக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதே வில்லாபுரத்தில்தான், குடிதண்ணீருக்காக மக்களோடு நின்று போராடிய மாநகராட்சி உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். எங்கள் வயசுக்காரர்களுக்கு இந்த ஊர் பேரைச் சொன்னால் முதலில் அந்த அம்மா முகம்தான் வரும். அந்தப் பையன் அப்போது பிறந்தேயிருக்க மாட்டான். அவனைச் சொல்லி என்ன.

காரில் ஏறினதும் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார், "அஞ்சாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன் மாமா. மிச்சத்தையும் நானே பாத்துக்கிறேன். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க."

இதுதான் முடிச்சு. அவர் பிரியமாகச் செய்கிறார். மாமனார் புதுக்காரில் ஒரு கோடு விழுந்துவிடக்கூடாது என்கிற எண்ணம். அதற்காக மாப்பிள்ளை காசில் 85,000 ரூபாய்க்குச் சட்டை மாட்டிக்கொள்ள முடியுமா? அவருக்கும் வீட்டுக் கடன் ஓடுகிறது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது?

வீட்டுக்காரிக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. "காருக்குச் சட்டை அப்புறம் போடலாம். மொதல்ல என் கழுத்துல கிடந்ததைத் திருப்பிக் கொண்டாங்க" என்றாள். மல்லி கிலோ 300 விற்றால் 85,000 என்பது 283 கிலோ பூ. எடுப்புக் கூலி, மருந்து, கமிஷன் போகக் கணக்குப் போட எனக்கு மனசு வரவில்லை.

அன்று இரவு தோட்டத்துக்குப் போகிற பாதையில் காரை விட்டேன். மெயின் ரோட்டுப் பிள்ளையார் கோயிலிலிருந்து எங்கள் கிணறு வரை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு ஊருக்கு ஊர் வெட்டினார்களே, அப்போது இதையும் வெட்டினார்கள். தூரை விட்டுவிட்டார்கள். வெட்டின இடத்தில் ஒன்றுக்கு நாலாய்த் தழைத்து இப்போது கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியை மடக்கி, மாட்டுவண்டி வேகத்தில் போனேன். இரண்டு கதவிலும் முள் கீச்சென்று இழுத்துக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மாப்பிள்ளை காருக்கு இரண்டு வருசத்துக்கு முன்பே இந்த ஃபிலிம் போட்டாயிற்று. கறுப்புக் கார், முகம் பார்க்கலாம். ஆனால் அது ஒரு தடவைகூட இந்தப் பாதைக்குள் வந்ததில்லை. தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் பிள்ளையார் கோயிலில் நிறுத்திவிட்டு, பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் வெயிலில் நடந்து வருவார். நடந்தால் நல்லது மாமா என்பார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கப்பா சைக்கிள் ஞாபகமும் வந்தது. வாங்கின அன்றைக்கே பாருக்கு மஞ்சள் ரெக்சின் உறை தைத்துப் போட்டவர். பத்து வருசம் யாரையும் தொடவிடவில்லை. ஒருநாள் நூல் அறுந்து உறை கழன்றபோது, உள்ளே மழைத்தண்ணீர் நின்று நின்று பார் பூராவும் துரு. உறை போடாத பின் மட்கார்டு நன்றாகத்தான் இருந்தது. இந்த ஃபிலிமில் அப்படி ஆகாது, தெரியும், அது முழுக்க ஒட்டிக்கொள்கிறது. இருந்தாலும் மனசு அதைத்தானே நினைக்கிறது.

மறுநாள் பஞ்சாயத்துத் தலைவரையும் விஏஓவையும் பார்த்துப் பேசினேன். பாதைக்குள் வந்திருப்பதை எடுத்துக்கொள், ஓடைக்கரையைத் தொடாதே என்றார்கள். மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரர், விறகெல்லாம் தனக்கென்றால் கூலியாளைத் தானே விடுவதாகச் சொன்னார். ஜேசிபி மணிக்கு 1,300. தூரோடு பிடுங்கி, பள்ளத்தில் மண் தள்ள ஏழு மணி நேரம் ஆச்சு. 9,100 ரூபாய். பாதையில் தோட்டம் உள்ள ஆறு பேரிடம் கேட்டேன், மூணு பேர் கொடுத்தார்கள். இரண்டு பேர் தை மாசம் தருகிறேன் என்றார்கள். ஒருத்தர், "கார் வச்சிருக்கிறவன் வெட்டுறான், நான் எதுக்குக் குடுக்கணும்" என்று டீக்கடையில் பேசியதாகக் காதுக்கு வந்தது. அவர் டிராக்டர்தான் மறுநாள் முதலில் போனது.

வில்லாபுரத்துத் தம்பிக்கு போன் போட்டேன். "அட்வான்ஸ் அஞ்சாயிரத்துக்குள்ள எங்கெல்லாம் ஒட்ட முடியும்?" என்றேன். மிச்சத் துண்டுகளை வைத்துக் கதவுப் பிடிக் குழி நாலும், கதவு விளிம்பும், பூ மூட்டை உரசுகிற பின்பக்க வாசல்படியும், முன் பம்பர் ஓரமும் போட்டுக்கொடுத்தார். நகம் கீறுகிற இடமும், மூட்டை இழுபடுகிற இடமும் அவைதான். நாற்பதில் ஓட்டுகிறவனுக்கு லாரி தெறிக்கிற கல் அத்தனை பெரிய பயமில்லை. பின்வாசல் துண்டு மட்டும் இப்போதே தன் செலவை எடுத்துவிட்டது என்பேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது "சரி மாமா" என்றார். அந்தச் 'சரி' எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் மகள் பேசினாள். "அவர் சொந்தக்காரங்க முன்னாடி நான் என்னப்பா சொல்றது?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதையைப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம். கறுப்புக் கார், கண்ணாடியை மடக்காமல், புழுதி கிளப்பிக்கொண்டு தொட்டி வரைக்கும் வந்து நின்றது. பேரன் இறங்கி ஓடிவந்தான். மாப்பிள்ளை இறங்கி, முதலில் தன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். அப்புறம் என் காரிடம் வந்து கதவுப் பிடியில் விரலை வைத்துத் தடவி, "நீட்டா ஒட்டியிருக்கான் மாமா" என்றார்.

சங்கிலி இன்னும் சங்கத்தில்தான் இருக்கிறது. தைப் பூவுக்குத் திருப்பிவிடலாம் என்று நினைக்கிறேன். போன வருசமும் இப்படி ஒன்றை நினைத்தேன்.

முதல் கீறல் கருவேல முள்ளால் விழவில்லை. போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் பூக்கூடையை பானெட்டில் வைத்து, "கொஞ்சம் பிடிங்க" என்று இழுத்தாள் வீட்டுக்காரி. கூடை அடியில் சுற்றியிருந்த கம்பி ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுவிட்டது. இரண்டு பேரும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். அதன்மேலேயே கொஞ்சம் சந்தனத்தைத் தடவி, குங்குமம் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை இன்னும் பார்க்கவில்லை.