திரும்பி வரும் வழி

கணினியைப் பற்றி இங்கே எழுத நேரும் என்று நாங்கள் எண்ணியதில்லை. இருவருமே தமிழ் படித்தவர்கள். கறுப்புத் திரையில் ஆணைகளைத் தட்டச்சு செய்யும் கலையை நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் பழைய சிற்றிதழ்களின் தொகுப்பு இருக்கிறது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ்களும் அதில் உண்டு. தாள்கள் பழுத்துவிட்டன, சில இதழ்களை ஒரு முறைதான் விரிக்கலாம். அந்த ஒரு முறையில் படியெடுத்துவிட வேண்டும். பின்கட்டில் ஸ்கேனரும் அதற்கான கணினியும், முன்னறையில் படங்களைச் சேமிக்கும் கணினி, நடுவே இரு பிணைய அட்டைகள் செருகிய பழைய லினக்ஸ் கணினி. பின்கட்டின் முகவரிகள் 192.168.2 என்றும், முன்னறையின் முகவரிகள் 192.168.1 என்றும் தொடங்கும். இவற்றை வாங்கி வைத்த நண்பர், வேலையைப் பாதியில் விட்டு வெளிநாடு போய்விட்டார்.

'ஐபி ரூட்' என்று தட்டச்சு செய்தால் மூன்று நான்கு வரிகள் வரும். ஒரு கணினிக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். இன்ன வட்டாரத்துக்குப் போக இன்னாரிடம் கொடு. எதிலும் அடங்காததை 'டிஃபால்ட்' என்ற வரி காட்டும் வாசலில் கொடு. டீக்கடையில் வழி கேட்டால் அடுத்த முச்சந்தி வரைக்கும் சொல்வார்களே, அதே முறைதான். முழுப் பாதையும் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

நடுக் கணினியில் 'ஐபி ஃபார்வர்டு' என்பதன் மதிப்பு 0 என்றிருந்தது. அதாவது, தனக்கு வராத பொட்டலங்களை அது கடத்திவிடாது. 1 என்று மாற்றினோம். அப்போதும் பின்கட்டிலிருந்து முன்னறையை எட்ட முடியவில்லை. இரண்டு இரவுகள் கழித்து, 'டிசிபிடம்ப்' ஆணையால் முன்னறைக் கணினியின் போக்குவரத்தைக் கவனித்தபோது விளங்கியது. பொட்டலங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. பதில்தான் வழி தவறியது. பின்கட்டு என்றொரு வட்டாரம் இருப்பதையே அறியாத முன்னறைக் கணினி, பதில்களையெல்லாம் வீட்டு ரௌட்டரிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. 192.168.2 வட்டாரத்துக்கு நடுக் கணினியே வழி என்று ஒரு வரி சேர்த்தோம். படங்கள் ஓடத் தொடங்கின.

நாங்கள் ஊர் திரும்பினோம். ஐயாவின் பேத்தி ஸ்கேன் செய்யச் செய்ய, படங்கள் தாமே முன்னறைக்குப் போய்ச் சேர்ந்தன. தொலைவிலிருந்தே கணினிக்குள் நுழைந்து பார்த்துக்கொண்டோம். ஓரிரவு, சோதனைக்காகச் சேர்த்திருந்த வேண்டாத வரிகளை நீக்கும்போது கவனம் பிசகி டிஃபால்ட் வரியையே நீக்கிவிட்டோம். திரை உறைந்தது. எங்களுக்குப் பதில் சொல்லும் வழியை எங்கள் கையாலேயே அழித்திருந்தோம்.

காலையில் ஐயாவைத் தொலைபேசியில் அழைத்து, முன்னறைக் கணினியை அணைத்துப் போடச் சொன்னோம். "இவ்வளவுதானா தம்பி?" என்றார். ஆணையால் மாற்றியவை நினைவகத்தில் மட்டுமே இருக்கும். மறுதொடக்கத்தில் கணினி அவற்றை மறந்து, கோப்பில் எழுதியிருப்பதை மீண்டும் படிக்கும். டிஃபால்ட் வரி கோப்பில் இருந்தது, திரும்பி வந்தது. மகிழ்ச்சியில் அதோடு விட்டுவிட்டோம்.

பின்கட்டுக்கான வரியை நாங்கள் கோப்பில் எழுதியிருக்கவில்லை என்பது மாலையில்தான் நினைவுக்கு வந்தது. மறதி ஒன்றைத் திருப்பித் தந்து மற்றொன்றை எடுத்துக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் ஸ்கேன் செய்த பதினொரு பக்கங்கள் பின்கட்டிலேயே தங்கிவிட்டன. சில நாட்களாக முனகிக்கொண்டிருந்த அந்தக் கணினியின் வன்தட்டு, நாங்கள் உள்ளே நுழைவதற்குள் நின்றுபோயிருந்தது.

இப்போது ஒவ்வொரு வரியையும் கோப்பில் எழுதுகிறோம். தொலைவிலிருந்து வழிகளைத் தொடும்முன், ஐந்து நிமிடத்தில் மறுதொடக்கம் ஆகும்படி ஆணையிட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்கிறோம். எவரும் முதல் நாளே சொல்லித்தரக்கூடிய பாடங்கள்.

ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். "அந்தப் பதினொரு பக்கத்தில் உதிர்ந்த துண்டுகளை இதில் போட்டு வைத்திருக்கிறேன். உட்காருங்கள், பொருத்திப் பார்ப்போம்" என்றார்.