கோடியில் ஒரு துளி ஒளி

பிப்ரவரி 28 நெருங்கினால், தேசிய அறிவியல் நாள் அழைப்பிதழுக்குத் தமிழ் வடிவம் கேட்டு இயற்பியல் துறையிலிருந்து ஆள் வந்துவிடும். தமிழ்த்துறைக்கும் அறிவியலுக்கும் எங்கள் கல்லூரியில் உள்ள உறவு அவ்வளவுதான். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கதையை ஆண்டுதோறும் கேட்டாயிற்று. 1928இல் கண்டறிந்த ராமன் விளைவு இன்று எங்கே வேலை செய்கிறது என்பதை மட்டும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அதைச் சொன்னவன் என் தம்பி.

அவன் எரிபொருள் ஆலையொன்றில் கருவிப் பிரிவில் இருக்கிறான். அவனுக்கு இரவுப்பணி என்றால் மயிலாப்பூரில் அம்மாவுக்கு உறக்கமில்லை. "ஏதாவது நாற்றம் வந்தால் ஓடி வந்துவிடுவாய் அல்லவா?" என்று ஒருநாள் கேட்டாள். ஹைட்ரஜனுக்கு மணமில்லை, கார்பன் மோனாக்சைடுக்கும் இல்லை என்றான். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டைபோல் நாறும். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும் என்பதை அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னான். கசிவைக் காட்டும் கருவிகள் வேறு. அவன் கவனிப்பது குழாய்க்குள் ஓடும் வாயுக்களை.

டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க ஹைட்ரஜன் வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து நாடெங்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கூடாது. முன்பு 50 வரை இருக்கலாம். தியாகராய நகர் நெரிசலில் நாம் இழுக்கும் மூச்சுக்கும் இதில் பங்குண்டு. இயற்கை வாயுவை அல்லது நாப்தாவை நீராவியோடு கலந்து, நிக்கல் வினையூக்கி நிரம்பிய குழாய்களில் 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி ஹைட்ரஜனைப் பெறுகிறார்கள். நீராவி குறைந்தால் வினையூக்கியில் கரி படியும். குழாய் அளவு மீறிச் சூடேறி வெடிக்கவும் கூடும். ஆகவே உள்ளே எந்த வாயு எவ்வளவு என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். வழக்கமான வாயு நிறப்பகுப்புக் கருவி விடை சொல்லச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். லேசருக்கு நொடிகள் போதும்.

லேசரிலும் இரண்டு வழிகள். வாயு எந்த நிறத்தை விழுங்குகிறது என்று பார்ப்பது ஒன்று. ஈரப்பதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவற்றின் நுண்ணளவுக்கு அதுவே சிறந்தது. ஆனால் ஹைட்ரஜனும் நைட்ரஜனும் அகச்சிவப்பு ஒளியை ஏறக்குறைய விழுங்குவதே இல்லை. அங்கேதான் ராமன் வருகிறார். பச்சை லேசர் பட்டுச் சிதறும் ஒளியில், ஏறத்தாழக் கோடியில் ஒரு துளி மட்டும் நிறம் மாறித் திரும்புகிறது. மாறும் அளவு மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறு: நைட்ரஜனுக்கு அலை எண் 2331, ஹைட்ரஜனுக்கு 4156. ஒரே பார்வையில் பல வாயுக்களைப் பிரித்தறியலாம். ஹீலியம், ஆர்கான் போன்ற ஓரணு வாயுக்கள் மட்டும் இதற்கும் சிக்குவதில்லை.

மாநிலக் கல்லூரியில் படித்த ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் இதைக் கண்டபோது அவர்களிடம் லேசர் இல்லை. அது 1960இல்தான் வந்தது. சூரிய ஒளி, வில்லைகள், வண்ண வடிகட்டிகள், சொந்தக் கண்கள், இவைதாம் இருந்தன. நோபல் பரிசைப் பற்றிப் பேசும் நாம் இந்த ஏழ்மையான ஏற்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அத்தனை மெல்லிய ஒளி என்பதால் அதைக் கெடுப்பதும் எளிது. கருவியின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால், அப்படலமே ஒளிர்ந்து ராமன் ஒளியை மூழ்கடித்துவிடுமாம். திரையில் அளவுகள் பிசகத் தொடங்கினால் மணி இரண்டானாலும் தம்பிக்கு அழைப்பு வரும். அவன் போய் அதைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு வருகிறான்.