துலாக்கோலுக்கும் ஒரு சோதனை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைதல் வேண்டும் என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, நாம் செய்யும் தொழிலைப் பற்றி எழுதுவதா, பிறந்த மலைநாட்டைப் பற்றி எழுதுவதா என்னும் ஐயம் எழுந்தது. சற்றே சிந்தித்தபோது இரண்டும் ஒரே பொருளைப் பேசுவனவாகத் தோன்றின. அளக்கும் கருவியை அளப்பவர் யார் என்பதே அப்பொருள். வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக எடுத்தாண்டார். அத்துலாக்கோலே கோணிவிடின் என் செய்வது என்னும் வினாவை எமக்கு முதன்முதல் எழுப்பியவர்கள் ஹட்டனுக்கு அணித்தான ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்கள் ஆவர்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட நாள்தொட்டு, மலைநாட்டின் வாழ்வு நிறுவையின் மேலேயே நின்று வந்துள்ளது. காலையில் பிரட்டுக் கலைந்ததும் மலையேறும் பெண், பறித்த கொழுந்தைக் கூடையிற் சுமந்து நிறுவைக்குக் கொணர்வாள். குறித்த அளவு நிறைந்தால் அவளுக்கு முழுப்பெயர், குறைந்தால் அரைப்பெயர். கூடைக்கென ஒரு கழிவு, மழை ஈரத்துக்கென ஒரு கழிவு. எஞ்சிய எண்ணே செக்ரோலில் ஏறும். ஒரு கிலோ குறைந்தமையால் அரை நாட் சம்பளம் போயிற்று என்றால், அன்றைய மாவுக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் எங்கே போவது?

எம் அன்னையாரும் அவ்வரிசையில் நின்றவரே. ஒரு மழைக்காலத்தில் அவருக்கும் அவர்தம் தோழியர்க்கும் அரைப்பெயர் மிகுதியாக விழலாயிற்று. கை தளர்ந்துவிட்டதென்றார் சிலர். கொழுந்து குறைந்துவிட்டதென்றார் வேறு சிலர். ஒரு மாலை அன்னையார், கூட்டுறவுக் கடையில் வாங்கிய, முத்திரை கழலாத 10 கிலோ சீனிப் பையைத் தராசடிக்குக் கொண்டுசென்று, “கணக்கப்பிள்ளை ஐயா, இதையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க” என்றார். தராசு 9¼ காட்டியது. இன்னொரு பை வைத்தார்கள், அதுவும் அவ்வாறே. தோட்டத்துத் தலைவர் வந்தார், துரையிடம் சென்றார், தராசு திருத்தப்பட்டது. போன அரைப்பெயர்கள் மட்டும் திரும்பவில்லை. பிழையான தராசு எத்தனை நாள் பிழையாக இருந்ததென எவராலும் நிறுவ இயலவில்லை அன்றோ!

அதன்பின் பெண்கள் வேண்டியது ஒன்றே: நாள்தோறும் முதற்கூடை ஏறுமுன், நிறை தெரிந்த ஒரு பொருளைத் தராசில் வைத்துக் காட்டுதல் வேண்டும். சாக்கிற் கட்டிய ஒரு கல் அப்பணிக்கு அமர்த்தப்பட்டது. அடுத்த மழையில் சாக்கு நீரைக் குடித்து நிறை கூடியது. நல்ல தராசின் மேல் பழி விழுந்தது. சாக்கை நீக்கிப் பட்டணத்தில் நிறுத்த ஓர் இரும்புத் துண்டை வைத்த பின்னரே அமைதி உண்டாயிற்று. சோதிக்கும் கல்லையும் பேணவேண்டும் என்பது அன்று கற்ற பாடம்.

பின்னர் எம் கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்தில், அளக்குமுன் பூச்சிய வழுவைப் பார்க்குமாறு ஆசிரியர் பணித்தபோது, உடன்பயின்றோர் அதனை ஒரு சடங்கென எண்ணினர். எமக்கோ அது தெரிந்த கதையாயிருந்தது.

இன்று நாம் செய்யும் தொழில், கணினியின் வேலைநேரம் எங்கெங்கே செலவாகின்றது என்று அளந்து காட்டும் கருவிகளுக்குச் சோதனைகள் எழுதுவதாகும். இக்கருவிகளுள் புகழ்பெற்றது, லினக்ஸ் இயங்குதளத்துடன் 2009இல் இணைந்த ‘பெர்ஃப்’ என்பது. அது மேற்பார்வைக் கங்காணியைப் போன்றது. ஒரு நொடியில் பலமுறை எட்டிப் பார்த்து, அக்கணத்தில் எந்தப் பகுதி வேலை செய்கின்றதெனக் குறித்துக்கொள்ளும். பன்முறை காணப்பட்ட பகுதியே மிக்க நேரத்தை உண்பது எனக் கொள்வர். கங்காணி நாள்தோறும் ஒரே நேரத்தில் மலையைச் சுற்றினால் உண்மையைக் காண்பாரா? காணார். அதனாலேயே நொடிக்கு 100 முறை என வைக்காது 99 முறை என வைப்பது இத்தொழிலில் வழக்கமாயிற்று. கணினியிலும் ஒழுங்கான இடைவெளியில் எழும் வேலைகள் உள. அவற்றோடு கால் சேர்த்து நடந்தால் கணக்குக் கோணும்.

இக்கருவி பொய் சொன்னால் கேடு என்னவெனின், குற்றமற்ற பகுதி பழி சுமக்கும். பெயர் குறிக்க விரும்பாத ஒரு நிறுவனத்தில், ஓர் இளைஞர் எழுதிய பகுதியே முழு அமைப்பையும் தாமதப்படுத்துகின்றதென ஓர் அளவுகருவி காட்டியது. அவர் மூன்று வாரம் இரவுபகலாகத் திருத்தினார், தாமதம் குறையவில்லை. திறமையற்றவர் என்ற பெயர் மட்டும் வந்தது. நேரம் தெரிந்த ஒரு சிறு நிரலை ஓடவிட்டுப் பார்த்தபோதே, அக்கருவி ஒரு பகுதியின் நேரத்தை அயற்பகுதியின் கணக்கில் எழுதியமை வெளிப்பட்டது. எமக்கு அக்கணம் சீனிப் பை நினைவில் எழுந்தது.

இது தனியொரு விபத்தன்று. 2010இல் மிட்கோவிச் முதலிய ஆய்வாளர் நால்வர், ஜாவா மொழிக்கெனப் பெரிதும் வழங்கிய நான்கு அளவுகருவிகளைச் சோதித்தனர். ஒரே நிரலில் மிக்க நேரம் உண்பது எது என்பதில் நான்கும் தம்முள் முரண்பட்டன. நிரலின் எக்கணத்திலும் எட்டிப் பார்க்காது, வசதியான சில இடங்களில் மட்டும் பார்த்தமையே காரணம். எது மெய் என்றறிய அவர்கள் கைக்கொண்ட வழி, வேண்டுமென்றே ஒரு பகுதியில் கணக்கு வேலையைக் கூட்டி, கருவி அக்கூடுதலைக் காட்டுகின்றதா எனக் காண்பதாகும். தராசில் தெரிந்த நிறையை ஏற்றும் முறையே அது.

பெர்ஃப் கருவி தன் சோதனைகளைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. ‘பெர்ஃப் டெஸ்ட்’ எனக் கட்டளையிட்டால், அவை தாமே ஓடி, ஒவ்வொன்றுக்கும் விடை கூறும். சில சோதனைகளுக்கென இலக்கான சிறு வேலைகளும் உள. முன்னர் அவற்றை அவ்வப்போது அவ்விடத்திலேயே தொகுக்க வேண்டியிருந்தது. தொகுப்பி இல்லாத பொறியில் சோதனை நடவாது. 2022இல் நம்யுங் கிம் என்பார் அவ்வேலைகளைக் கருவிக்குள்ளேயே பொதித்தார். ‘நாப்லூப்’ என்பது ஒரு நொடி நேரம் யாதும் செய்யாது சுற்றும். நேரத்தை உண்பது அதுவே எனக் கருவி காட்டவேண்டும். ‘லீஃப்லூப்’ என்பது இலைச்சுழல்! பிறரை அழையாத கடைசிச் செயலை இலை என்றும், அதனை அழைத்ததைப் பெற்றோர் என்றும் கூறுவர். சிலவகைப் பொறிகளில் இலையைக் குறித்துப் பெற்றோரை விட்டுவிடும் குறைபாடு நேரும். அப்பெயர் விடுபடவில்லை என்பதை உறுதிசெய்யவே இச்சோதனை. செக்ரோலில் தாயின் பெயர் விடுபட்ட வீட்டில் வளர்ந்த எமக்கு இதன் அருமையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எழுதுதலினும் பேணுதலே கடினம். நேரம் என்பது ஒவ்வோர் ஓட்டத்திலும் சற்றே மாறும். ஆதலின் துல்லியமான எண்ணை எதிர்பார்க்கும் சோதனை, காரணமின்றி விழும். இத்துணை முதல் இத்துணை வரை என எல்லை வகுத்தல் வேண்டும். எல்லை மிக அகன்றால் 9¼ஐயும் 10 என ஏற்றுவிடும். காரணமின்றி விழும் சோதனையைச் சில நாளில் எவரும் மதியார். நனைந்த சாக்கு அது. இன்னொன்று, சில பொறிகளில் எண்ணும் வன்பொருள் கிட்டாது. அப்போது ‘சரி’ என்று எழுதுதல் தகாது. ‘தவிர்க்கப்பட்டது’ என்றே எழுதவேண்டும். நிறுக்காத கூடையை நிறுத்ததாகக் கணக்கில் ஏற்றுதல் எவ்வகையில் அறமாகும்?

தானியங்குதலின் பயனும் இதுவே. நிரலில் ஒரு வரி மாறினும், எவரும் கேளாமலே, சோதனைகள் அனைத்தும் மீண்டும் ஓடும். ஐயம் எழுந்த பின்னரே சீனிப் பை தேடும் நிலை இல்லை. பிழை நுழைந்த நாளும் தெரியும். இழந்தவர்க்கு இழந்ததை மீட்டுக் கொடுக்கவும் வழி உண்டு.

மாணவத் தம்பிமாரே! உங்களுள் பலர் நாளை அளப்போராவீர்கள்: மருத்துவராய், கணக்காளராய், பொறியியலாளராய், ஆசிரியராய். உங்கள் கருவி காட்டும் எண்ணின் மறுபுறத்தில் ஒரு மனிதரின் கூலியோ நற்பெயரோ நிற்கும். முதற்கூடை ஏறுமுன் தெரிந்த கல்லை வையுங்கள். அந்தக் கல்லையும் நனையாது காத்திடுங்கள். அத்தகைய பழக்கத்தை மேசையருகே நின்று எமக்கு ஊட்டிய எம் கல்லூரி நீடு வாழ்க!